குறைந்த செலவில் மேசைக் கணினி: அசெம்பிள் செய்தோரும் ஆயத்தமாக வாங்கியோரும்

தொடக்கப் பதிவு

கணக்கு வேலை, காணொளிச் சந்திப்பு, எப்போதாவது கொஞ்சம் படத்தொகுப்பு ஆகியவற்றுக்கு ஈடுகொடுக்கும் ஒரு கணினியைக் குறைந்த செலவில் அமைத்துக்கொள்ள நினைத்தபோது, பாகங்களை வாங்கி அசெம்பிள் செய்வதா, பெட்டியைப் பிரித்து மின்இணைப்பு கொடுத்தவுடன் ஓடும் பிராண்டட் கணினியை வாங்குவதா என்று நெடுநாள் யோசித்தேன். விலையை ஒப்பிட்டாலே விடை கிடைத்துவிடும் என்றுதான் பலரும் சொன்னார்கள். ஆனால் விற்பனைக் குறிப்புகளில் பிராசசரின் பெயரும் ராம் (தற்காலிக நினைவகம்) அளவும் எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பகம்) அளவும் பெரிய எழுத்தில் இருக்கின்றன. எல்லாப் பாகங்களும் பொருந்தும் மதர்போர்டு எந்த வகை, அவற்றுக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட் என்ற விவரம் பெரும்பாலும் இருப்பதில்லை. எதைச் சொல்லாமல் விடுகிறார்களோ அதில்தான் கை வைத்திருப்பார்கள் என்பது என் எண்ணம்.

நான் அசெம்பிள் செய்தேன். ரைசன் 5 5600ஜி பிராசசரில் ஆறு கோர்களோடு கிராபிக்ஸும் உள்ளேயே இருப்பதால், தனியாகக் கிராபிக்ஸ் கார்டு வாங்கும் செலவைத் தள்ளிப்போட முடிந்தது. 16 ஜிபி ராமை ஒரே ஸ்டிக்காக வாங்காமல் 8 ஜிபி ஸ்டிக்குகள் இரண்டாக வாங்கினேன். உள்ளமைந்த கிராபிக்ஸுக்கென்று தனி நினைவகம் கிடையாது, ராமிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஆகவே ராமுக்கான இரண்டு சேனல்களும் (தரவுப் பாதைகள்) இயங்கும்போது அதன் வேகம் கண்கூடாகக் கூடுகிறது. மலிவான ஆயத்தக் கணினிகள் பல ஒற்றை ஸ்டிக்கோடு வருவதை இதனாலேயே ஒரு குறையாகக் கருதுகிறேன். நீங்கள் எந்த வழியில் சென்றீர்கள், பிறகு என்ன ஆயிற்று என்று எழுதுங்கள்.

மறுமொழி: பழைய அலுவலகக் கணினி வாங்கியவர்

என் கையிலிருந்த தொகைக்குப் புதிய பாகங்கள் எதுவும் கட்டுப்படியாகவில்லை. அலுவலகங்களில் பயன்படுத்திக் கழித்த பிராண்டட் கணினி ஒன்றை வாங்கி, அதிலிருந்த ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி பொருத்தினேன். அதற்குப் பிறகு அது அன்றாட வேலைகளில் எந்தத் தயக்கமும் காட்டவில்லை. அதே தொகைக்கு வேறு எப்படியும் இந்த வேகம் கிடைத்திருக்காது என்று இன்றும் சொல்வேன். வாங்கும்போது ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருந்தேன்: இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே வேண்டாம். விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஓ டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியையும் ஏறக்குறைய அந்தத் தலைமுறை முதலான பிராசசரையும் கேட்கிறது. அதற்கு முந்தைய கணினிகள் இப்போது மிக மலிவாகக் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். லினக்ஸ் போட்டுக்கொள்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

சிக்கல் தொடங்கியது மகன் விளையாட்டுக்காக கிராபிக்ஸ் கார்டு கேட்டபோதுதான். கேபினட்டைத் திறந்து பார்த்தால், மதர்போர்டுக்குச் செல்லும் மின்இணைப்பு எல்லோருக்கும் பழக்கமான 24 பின் அமைப்பில் இல்லை. தயாரித்த நிறுவனம் தன் கணினிக்கென்றே ஒரு தனி வடிவத்தை வைத்திருந்தது. கடையில் கிடைக்கும் எஸ்எம்பிஎஸ் எதையும் நேரடியாக மாட்ட முடியாது. கேபினட்டும் ஒல்லியானது என்பதால் முழு உயரக் கார்டு நுழையாது. கடைசியில், கார்டைச் செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் தரக்கூடிய 75 வாட்டுக்குள்ளேயே இயங்கும், தனி மின்கம்பி கேட்காத, அரை உயரக் கார்டு ஒன்றைத் தேடிப்பிடித்தோம். அப்படிப்பட்ட கார்டுகள் சிலவே இருப்பதால், அவற்றின் செயல்திறனோடு ஒப்பிட்டால் விலை சற்று அதிகம்தான்.

மறுமொழி: தெரிந்தவர்களுக்கு அசெம்பிள் செய்து தருபவர்

மேலே சொன்ன 24 பின் விவரத்தைத்தான் நானும் எல்லோரிடமும் சொல்லிவருகிறேன். மதர்போர்டு, கேபினட், எஸ்எம்பிஎஸ் ஆகியவை ஒன்றோடொன்று பொருந்துவதற்கான ஏடிஎக்ஸ் என்ற பொது வடிவமைப்பை இன்டெல் 1995-இல் கொண்டுவந்தது. இடையில் பல மாற்றங்கள் வந்தாலும், அதைப் பின்பற்றும் கேபினட்டில் இன்றைய மதர்போர்டு அதே திருகுத் துளைகளில் பொருந்துகிறது. அசெம்பிள் செய்வதால் வரும் ஆதாயம் முதல் நாள் ரசீதில் தெரியாது. அடுத்த முறை பிராசசரும் போர்டும் மாற்றும்போது கேபினட், எஸ்எம்பிஎஸ், எஸ்எஸ்டி மூன்றும் அப்படியே மிஞ்சும், அப்போதுதான் தெரியும். ஒரு முறை வாங்கிவிட்டு, பழுதாகும் வரை கைவைக்காமல் ஓட்டுபவருக்கு அசெம்பிள் செய்யும்படி நான் சொல்வதே இல்லை.

தாங்களே செய்ய முனைவோர் பாகங்களின் பொருத்தத்தைக் கவனிக்க வேண்டும். பெயரின் இறுதியில் எஃப் என்ற எழுத்துள்ள இன்டெல் பிராசசர்களில் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லை. விலை குறைவென்று அதை வாங்கிவிட்டால் கார்டு இல்லாமல் திரையில் ஒன்றும் வராது. ராமின் தலைமுறையும் பொருந்த வேண்டும்: டிடிஆர்4 போர்டில் டிடிஆர்5 ராம் ஏறாது, ஸ்டிக்கில் பள்ளம் இருக்கும் இடமே வேறு. பழைய இருப்பிலிருந்து வந்த போர்டாக இருந்தால், பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும், போர்டிலேயே உள்ள மென்பொருள்) புதுப்பிக்கப்படாமல் புதிய பிராசசரை அது அடையாளம் காணாமல் போகலாம். காற்றாடி சுற்றுகிறது, படம் வரவில்லை என்று என்னிடம் கொண்டுவரப்படும் கணினிகளில் நான் முதலில் விரல் வைத்துப் பார்ப்பது போர்டின் மேல் மூலையில் பிராசசருக்கென்று தனியாக இருக்கும் 8 பின் இணைப்பை. அடுத்து, ராம் ஸ்டிக்கின் இரு முனைகளும் டக்கென்ற ஒலியோடு அமர்ந்திருக்கின்றனவா என்பதை. பெரும்பாலும் அதற்கு மேல் தேட வேண்டியிருப்பதில்லை.

மறுமொழி: ஆயத்தக் கணினியே போதும் என்பவர்

பாகத்துக்கு ஒரு வாரண்டி என்பது எழுத்தில் நன்றாக இருக்கிறது; ஆனால் கணினி அடிக்கடி தானாக அணைந்துவிடும்போது குற்றவாளி எஸ்எம்பிஎஸ்ஸா, போர்டா, ராமா என்று கண்டுபிடிக்கும் வேலை நம் தலையில் விழுகிறது. மாற்றிப் போட்டுப் பார்க்க உதிரிப் பாகங்கள் எல்லோரிடமும் இருப்பதில்லை. என் தொழில் கணினியை நம்பி நடப்பதால் முழுக் கணினிக்கும் ஒரே நிறுவனம் பொறுப்பேற்கும் வழியையே எடுத்துக்கொண்டேன். விண்டோஸ் உரிமமும் போர்டிலேயே பதிந்து வருகிறது. அசெம்பிள் செய்பவர்கள் கணக்குப் போடும்போது அந்தச் செலவை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறார்கள்!

மறுமொழி: தொடக்கப் பதிவர்

உரிமத்தைப் பற்றிச் சொன்னது நியாயம். நான் அதைச் சேர்த்துக் கணக்கிட்டபோது வித்தியாசம் வெகுவாகச் சுருங்கிவிட்டது. எனினும் ஆயத்தக் கணினி வாங்குபவர்கள், வாங்கும் முன் அந்த மாடலின் சர்வீஸ் கையேட்டைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இறக்கிப் பார்க்கலாம். ராம் ஸ்லாட் ஒன்றா இரண்டா, எஸ்எஸ்டி செருகும் எம்.2 இடம் காலியாக இருக்கிறதா, எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து போர்டுக்கு வரும் இணைப்பில் எத்தனை பின் என்பவை அங்கே படத்தோடு இருக்கும்.