மலை ஓடைல பச்சைப் பாசி: வெயிலா, உரமா? டெஸ்ட் பண்ண முடியாம நிக்கறேன்

கோத்தகிரி பக்கம் ஒரு சின்ன ஓடைல எம்எஸ்சி ப்ராஜெக்ட் பண்றேன். சோலைக்குள்ள கல்லு மேல பழுப்பா டயட்டம் (ஒத்த செல் நுண்பாசி) படலம் மட்டும்தான், அதே தண்ணி தேயிலைத் தோட்டம் தாண்டி வெட்டவெளிக்கு வந்ததும் முடி மாதிரி நீளநீளமா பச்சைப் பாசி. மைக்ரோஸ்கோப்ல பார்த்தா கிளை இல்லாத இழை, உள்ள சுருள் சுருளா பச்சையம், ஸ்பைரோகைராதான். பிப்ரவரில தண்ணி குறைஞ்சதும் வந்துச்சு, கோடை மழை வெள்ளம் அடிச்சுட்டுப் போனாலும் திரும்ப வந்துடுது.

கீழ வெயிலும் அதிகம் உரமும் சேர்ந்தே வருது, அதான் எது காரணம்னு பிரிக்க முடியல. நைட்ரேட் ஸ்ட்ரிப் மேலயும் கீழயும் ஒரே கலர்தான் காட்டுது, வர்றத பாசியே உறிஞ்சிடுதுன்னு நினைக்கறேன். நிழல் வலை கட்டினதுல பாசி குறைஞ்சது உண்மை, ஆனா வலைல சருகு அடைச்சு தண்ணி வேகமும் குறைஞ்சுடுச்சு, அந்த ரிசல்ட்ட எப்படி நம்பறது?

கடைசியா, நிழல்லயே உரம் மட்டும் கூடினா பாசி வருதான்னு பார்க்க, சோலைக்குள்ள ஓடைல மண் சட்டிக்குள்ள அகரோட (ஜெல்லி மாதிரி உறையறது) நைட்ரேட், பாஸ்பேட் கலந்து வெச்சேன், அது சட்டிச் சுவர் வழியா மெல்லக் கசியும். படலம் நல்லா பிடிக்குது, ஆனா அளக்கறதுக்குள்ள தலைப்பிரட்டையும் மேஃப்ளைங்கற பூச்சியோட தண்ணிப்புழுவும் மேய்ஞ்சு காலி பண்ணிடுது. சுத்தி கம்பி வலை போட்டா வண்டல் அடைக்குது, சட்டிய கால் வெச்ச ஸ்டாண்டுல தூக்கி வெச்சு அந்தக் காலுக்கு வாசலின் தடவினா ஊர்ந்து வர்றது நிக்குது, நீந்தி வர்ற மேஃப்ளை நிக்கல. அடுத்த மழைக்கு முன்னாடி டேட்டா எடுத்தே ஆகணும்.

வெளிச்சமும் தண்ணி வேகமும் மாறாம, மேயற பூச்சிங்கள சட்டிகிட்ட வரவிடாம தடுக்க மலை ஓடைல வேலை செஞ்ச வழி யாருக்காவது தெரியுமா?