25 கிலோ மூட்டையில் 25 கிலோ இருக்கிறதா?

மளிகைக்கடைக்காரன்:
அரிசி மூட்டையில் 25 கிலோ என்று அச்சடித்திருக்கிறது. கைக்கு வந்த 9 மூட்டைகளைத் தராசில் ஏற்றினேன். சாக்கு எடை போக சராசரி 24.8, திட்டவிலக்கம் (மூட்டைக்கு மூட்டை எடை மாறும் அளவு) 0.3 கிலோ. மில்காரரோ, "ஈரம் காய்ஞ்சிருக்கும் அண்ணாச்சி" என்கிறார். சண்டை போடலாமா?

கணக்கு வாத்தியார்:
0.3-ஐ 9-இன் வர்க்கமூலமான 3-ஆல் வகுத்தால் திட்டப்பிழை, அதாவது சராசரியில் வரக்கூடிய தடுமாற்றம், 0.1. குறைவு 0.2; ஆக டி மதிப்பு, அதாவது குறைவு திட்டப்பிழையைப் போல் எத்தனை மடங்கு என்பது, −2. டி அட்டவணையில் 8-ஆம் வரிசை (9-இல் ஒன்று குறைவு), 5% மட்டம் (உண்மையில் குறைவே இல்லாமல் தற்செயலாக எல்லை தாண்ட நூற்றுக்கு ஐந்து வாய்ப்பு): எல்லை −1.86. தாண்டிவிட்டது. போடலாம்!

பழைய மாணவன்:
சார், அது குறைவை மட்டும் தேடும் ஒருமுனைச் சோதனைக்கு. குறைவு, கூடுதல் இரண்டையும் தேடும் இருமுனை என்றால் எல்லை 2.306, தாண்டாது. எடை போடுவதற்கு முன்பே குறைவென்று சந்தேகப்பட்டாரா?

மளிகைக்கடைக்காரன்:
சந்தேகம் வந்துதானே தராசையே எடுத்தேன்!

பழைய மாணவன்:
சரி, அப்போது ஒருமுனைதான். ஆனால் மேலடுக்கு மூட்டைகளை மட்டும் எடுத்திருந்தால் மில்காரர் விடமாட்டார். அடுத்த லோடில் குலுக்கிப்போட்டு 20 எடுங்கள், இந்த ஒன்பதோடு கலக்காமல்.