உதவி: மிருகக்காட்சிசாலைப் படத்தில் வண்ணம் பரவாமல் திட்டுத் திட்டாக உள்ளே இறங்குகிறது

கந்தோஜி ஓரம், வியாழன் இரவு

அவசரமாகக் கேட்கிறேன். ரங்கூன் மிருகக்காட்சிசாலையில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு வந்து வீட்டில் வாட்டர்கலர் ஏற்றுகிறேன். நீர்யானையின் முதுகில் சாம்பல் நிறம் ஒரே சீராக ஓட வேண்டும். ஆனால் பிரஷை வைத்த இடத்திலேயே வண்ணம் உள்ளே போய்க் கறுத்த புள்ளியாக நின்றுவிடுகிறது. யானைப் படத்திலும் இதே கதிதான். பழைய அதே தாள், அதே வண்ணம், அதே பிரஷ். ஞாயிற்றுக்கிழமை கோயில் தமிழ் வகுப்பில் பிள்ளைகளுக்குக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன். என்ன செய்யலாம்?

பெகு வாசி, வியாழன் இரவு

என்ன தாள்? சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்? பருத்தியா, மரக்கூழா? ரப்பர் போட்டு நிறைய அழித்தீர்களா? புள்ளி விழுந்த இடத்தைக் கிட்டத்தில் படமெடுத்துப் போடுங்கள். பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது.

மோல்மேன் அக்கா, வெள்ளி காலை

தம்பி, தண்ணீரைப் பாருங்கள். மழைக்காலத்தில் கலங்கி வரும் தண்ணீரில் படிகாரம் போட்டுத் தெளிய வைப்போம் அல்லவா? படிகாரம் என்ன செய்கிறது? மண் துகளை ஒன்றோடு ஒன்று சேர்த்துக் கீழே இறக்குகிறது. வண்ணமும் துகள்தானே, அதையும் சேர்த்துவிடும். நான் குடிக்கிற பாட்டில் தண்ணீரில்தான் வண்ணம் கரைப்பேன். முதலில் தண்ணீரை மாற்றிப் பாருங்கள், அப்புறம் மற்றது.

இன்லே மீன், வெள்ளி காலை

தண்ணீராக இருக்காது அக்கா. கையில் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசியிருந்தீர்களா? முகத்துக்கும் கைக்கும் அரைத்துப் பூசிக்கொண்டு, வெயிலில் வியர்த்த கையை அதே தாள்மேல் ஊன்றி வரைந்தால் தாளில் ஒட்டத்தான் செய்யும். கொசுவுக்குப் பூசுகிற எண்ணெயும் அப்படித்தான். என் தங்கையின் படம் இரண்டு முறை இதனால் கெட்டது.

வண்ணவாத்தியார், வெள்ளி மதியம்

தாள், தண்ணீர், தனக்கா எல்லாம் பிறகு. அடிப்படை தெரியாமல் நேராக நீர்யானைக்குப் போனால் இப்படித்தான் ஆகும். இதையே வருஷா வருஷம் எழுதுகிறேன், புதிதாக வருகிறவர்கள் பழைய பதிவுகளைப் படிப்பதில்லை. நீர்யானை சாம்பல் நிறம் என்று யார் சொன்னது? முதுகில் ஊதாவும் பழுப்பும் கலந்திருக்கும். கண்ணையும் காதையும் சுற்றி இளஞ்சிவப்பு. தோலில் செம்மையான ஒரு நீர் கசியும், வெயிலில் அதுதான் அதற்குப் பாதுகாப்பு. கறுப்பு ட்யூபைப் பிதுக்கித் தண்ணீர் விட்டால் வருவது செத்த சாம்பல். அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் கலந்து பாருங்கள், நீலத்தைக் கூட்டினால் குளிர்ந்த சாம்பல், பழுப்பைக் கூட்டினால் யானைத்தோல். ஓவியர் ஊ பா ஞான் லண்டன் போய்ப் படித்து வந்து இந்த ஊரில் நீர்வண்ணம் போட்டார். அவர் படங்களைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

பெகு வாசி, வெள்ளி மதியம்

வாத்தியார் ஐயா, கலவை சரிதான். ஆனால் அவர் கேட்டது வண்ணம் ஏன் பரவவில்லை என்பது. எந்தச் சாம்பலை வைத்தாலும் தாள் உறிஞ்சினால் புள்ளிதானே விழும்?

வண்ணவாத்தியார், வெள்ளி மதியம்

கையில் வேகம் இருந்தால் எந்தத் தாளும் உறிஞ்சாது. பிரஷில் நீர் நிறைய வைத்து ஒரே மூச்சில் இழுக்க வேண்டும்.

கந்தோஜி ஓரம், வெள்ளி மாலை

வேலையில் இருந்தேன். தாள் 300 கிராம், பருத்தி. ரப்பர் கொஞ்சம்தான். தனக்கா இல்லை. பாட்டில் தண்ணீரிலும் போட்டுப் பார்த்தேன், மாற்றம் இல்லை. தாளை ஏப்ரலில் தண்ணீர்த் திருவிழா சமயத்தில் மொத்தமாக வாங்கி, உறையைப் பிரித்துச் சமையலறைச் சுவரை ஒட்டிய அலமாரியில் வைத்திருந்தேன்.

சட்டம் போடுபவன், வெள்ளி இரவு

சமையலறைச் சுவர், மழைக்காலம், பிரித்த உறை. தம்பி, விஷயம் இதில்தான் இருக்கிறது. நான் படங்களுக்குச் சட்டம் போடுகிறேன். ஆடி ஆவணியில் என்னிடம் வரும் வாட்டர்கலர் தாள்களில் இந்தப் புள்ளி நிறையப் பார்க்கிறேன்.

வாட்டர்கலர் தாள் சும்மா தாள் இல்லை. செய்யும்போதே அதற்குள்ளோ மேலேயோ ஒரு பசை ஏற்றுவார்கள். நல்ல பருத்தித் தாள்கள் பலவற்றில் அது ஜெலட்டின். அந்தப் பசை இருப்பதால்தான் வண்ணநீர் மேலேயே நின்று, நீங்கள் இழுத்த பக்கம் ஓடி, நிதானமாகக் காய்கிறது. ஈரக்காற்றில் மாதக்கணக்கில் கிடந்தால், அதிலும் கொஞ்சம் பூஞ்சை பிடித்தால், பசை அங்கங்கே செத்துப்போகும். செத்த இடத்தில் தாள் ஒற்றுத்தாள் மாதிரி இழுக்கும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது, பிரஷ் பட்டால்தான் தெரியும்.

தனக்கா, எண்ணெய் என்று சொன்னவருக்கும் ஒரு வார்த்தை. எண்ணெய் பட்ட இடம் நீரைத் தள்ளும், அங்கே வெளிறிய திட்டு விழும். இவருக்கு விழுவது கறுத்த புள்ளி. இரண்டும் எதிரெதிர். வாத்தியார் சொன்ன வேகமும் இங்கே உதவாது, பசை இல்லாத இடம் கையைவிட வேகமாகக் குடிக்கும்.

சோதனை எளிது. வண்ணம் படாத மூலையில் சுத்தமான நீர் ஒரு சொட்டு விடுங்கள். குமிழாக நின்றால் பசை உயிரோடு இருக்கிறது. உடனே ஈரத்திட்டாக இறங்கினால் போய்விட்டது. ஒரே இடத்தில் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள், நாலு மூலையும் நடுவும் பாருங்கள். வண்ணம் படாமல் மறைக்கப் பூசும் மாஸ்கிங் திரவம் மட்டும் அந்தத் தாளில் வேண்டாம், உரிக்கும்போது தாளையும் பிய்த்துக்கொண்டு வரும்.

வண்ணம் படாத தாள்களைக் காப்பாற்றலாம். 1 லிட்டர் தண்ணீருக்கு 15 முதல் 20 கிராம் ஜெலட்டின். முதலில் குளிர்ந்த நீரில் ஊறட்டும், அப்புறம் மெல்லிய சூட்டில் கரையுங்கள். கொதிக்க விட்டால் அதன் பிடிப்பு குறையும். இளஞ்சூட்டில் அகலப் பிரஷால் மெல்லியதாக ஒரு கை, காய்ந்ததும் குறுக்கே இன்னொரு கை. மழையன்று செய்யாதீர்கள், காய்வதற்குள் பூஞ்சை பிடிக்கும்.

புள்ளி விழுந்த படங்களைக் கழுவப் பார்க்காதீர்கள், வண்ணம் நாருக்குள் போய்விட்டது. யானைக்கு அது கெட்டதும் இல்லை. மேலே வண்ணப் பென்சிலாலோ குவாஷ் என்ற அடர்த்தியான நீர்வண்ணத்தாலோ தோல் சுருக்கங்களைக் கொண்டுவந்தால் புள்ளி அதற்குள் அடங்கிவிடும். நீர்யானையின் ஈர முதுகுதான் கஷ்டம். அந்தப் பளபளப்பு வெறும் வெள்ளைத் தாள் தெரிவதால் வருவது.

மோல்மேன் அக்கா, வெள்ளி இரவு

ஜெலட்டின் எதிலிருந்து எடுக்கிறார்கள் தெரியுமா? மாட்டுத் தோல், எலும்பு, சில சமயம் பன்றி. கோயில் வகுப்புப் பிள்ளைகள் கையில் கொடுக்கிற படத்துக்கா அதைப் பூசச் சொல்கிறீர்கள்? என் வீட்டில் அதை அடுப்பில் ஏற்ற விடமாட்டேன்.

இன்லே மீன், வெள்ளி இரவு

எங்கள் வீட்டிலும் ஹலால் பார்த்துத்தான் வாங்குவோம், அக்கா சொல்வது நியாயம். ஆனால் பருத்தித் தாளில் ஏற்கெனவே ஜெலட்டின் இருக்கிறது என்று அண்ணன் சொல்கிறாரே. அப்படியானால் இத்தனை நாளும் அதில்தானே வரைந்தோம்?

மோல்மேன் அக்கா, வெள்ளி இரவு

தெரியாமல் தொட்டது வேறு, தெரிந்து காய்ச்சுவது வேறு. அரிசிக் கஞ்சி போதாதா? சேலைக்குப் போடுகிறோமே.

சட்டம் போடுபவன், சனி காலை

அக்கா, உங்கள் கவலை சரியானதுதான், நானும் எழுதும்போதே சொல்லியிருக்க வேண்டியது. கஞ்சிப் பசை தாளுக்குப் புதிது இல்லை, பழைய காலத்தில் போட்டிருக்கிறார்கள். ஆனால் நம் ஊர் ஈரத்தில் மாவு இருந்தால் வெள்ளிமீன் பூச்சியும் பூஞ்சையும் தேடி வரும். தாவரத்திலிருந்து வருவது என்றால் மெத்தில் செல்லுலோஸ் கேளுங்கள். பழைய தாள்களைச் சரிசெய்கிறவர்கள் பயன்படுத்துவது அது. இல்லாவிட்டால் அக்ரிலிக்கில் செய்த வாட்டர்கலர் கிரவுண்ட், அதாவது வண்ணத்துக்கு முன் பூசும் அடிப்பூச்சு, டப்பாவில் வரும். இனி வாங்கும்போது ஜெலட்டின் இல்லாத தாள் வேண்டும் என்று கேட்டே வாங்கலாம், மரக்கூழ்த் தாள்கள் பலவற்றில் செயற்கைப் பசைதான். வண்ணம் ஓடும் அழகு பருத்தி அளவுக்கு வராது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

வண்ணவாத்தியார், சனி காலை

எல்லாம் சரி. ஆனால் வீட்டில் வந்து வண்ணம் ஏற்றுவதே தப்பு என்பேன். நேரில் பார்த்து, நின்ற இடத்திலேயே முடிக்க வேண்டும். போட்டோ பார்த்துப் போட்ட மிருகத்துக்கு எடை இருக்காது.

பெகு வாசி, சனி மதியம்

ஐயா, நீர்யானை பகல் முழுக்கத் தண்ணீருக்குள் கிடக்கும் பிராணி. கண்ணும் காதும் மூக்கும்தான் வெளியே. உடம்பைப் பார்க்கத் தீனி போடும் நேரத்துக்குக் காத்திருக்க வேண்டும். பிள்ளைகள் கூட்டத்துக்கு நடுவே அந்தக் கொஞ்ச நேரத்தில் வண்ணத்தோடு எப்படி முடிப்பது? அங்கே கோடு, வீட்டில் வண்ணம் என்பது நல்ல வழிதான். கோட்டுக்குப் பக்கத்திலேயே ‘முதுகு ஊதா, வயிறு ரோஸ்’ என்று நிறத்தை எழுதிக்கொண்டு வந்தால் போட்டோவே வேண்டாம். போட்டோவில் நிழல் எல்லாம் கறுப்பாகத்தான் விழும்.

வண்ணவாத்தியார், சனி மதியம்

எழுதிக்கொண்டு வருவதை ஒப்புக்கொள்கிறேன். போட்டோவை அல்ல.

மோல்மேன் அக்கா, சனி மதியம்

2008இல் புதுத் தலைநகர் நேப்பிடோவுக்கு நிறைய மிருகங்களைக் கொண்டுபோனார்களே, அதற்கு முன் ரங்கூனில் இன்னும் கூட்டமாக இருக்கும். எங்கள் அப்பா கைபிடித்துக் கூட்டிப்போவார். தம்பி, அடுத்த முறை நட்சத்திர ஆமை இருந்தால் வரையுங்கள். ஓட்டில் மஞ்சள் கோடு கதிர் கதிராக ஓடும், நம் பர்மாவின் ஆமை அது. அசையாமல் உட்காரும், வாத்தியார் சொல்கிறபடி அங்கேயே வண்ணமும் முடிக்கலாம்.

கந்தோஜி ஓரம், சனி இரவு

சொட்டு விட்டேன். மேலே இருந்த தாள்களில் உடனே இறங்கியது. கட்டின் நடுவில் இருந்தவற்றில் குமிழாக நின்றது. நடுத்தாளில் நீர்யானையைத் திரும்பப் போட்டேன், முதுகு சீராக வந்தது. யானைக்கு வண்ணப் பென்சில். எதுவும் காய்ச்சவில்லை அக்கா. எல்லாருக்கும் நன்றி, காலையில் வகுப்பு.

பெகு வாசி, சனி இரவு

படம் போடுங்கள்!

சட்டம் போடுபவன், ஞாயிறு காலை

நல்ல தாள்களை இன்றைக்கே சமையலறையிலிருந்து எடுத்துவிடுங்கள். கனமான பாலிதீன் உறை, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம், வாயை டேப் போட்டு ஒட்டி, வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில் படுக்க வையுங்கள். பொட்டலத்தில் உள்ள மணிகள் நிறம் மாறினால் ஈரம் குடித்துவிட்டது என்று பொருள். நிறம் மாறும் வகையாகப் பார்த்து வாங்குங்கள், எல்லாம் மாறாது. மழை முடிகிற வரை தேவைக்கு ஒரு தாள் எடுத்து உடனே மூடுங்கள்.

பெகு வாசி, செவ்வாய்

வகுப்பு எப்படிப் போனது? படம் இன்னும் வரவில்லையே.