மின்வெட்டுக் காலத்தை நேரில் பார்த்தவர்கள்: அனுபவங்கள்

ஓய்வுபெற்ற துணைமின் நிலைய ஆபரேட்டர்

2008 முதல் 2014 வரை தமிழ்நாட்டில் மின்வெட்டு எப்படி இருந்தது என்பது இன்று கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளுக்குக் கேள்விப்பட்ட கதை. நான் அந்த ஆண்டுகளில் ஒரு 110 கேவி (1,10,000 வோல்ட்) துணைமின் நிலையத்தில் ஷிப்ட் பார்த்தவன். ஊருக்குக் கரண்டை நிறுத்தும் வேலை என் கையில் இருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து யாரும் அதிகம் எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன்.

மாநிலத்தின் மின் தேவையையும் உற்பத்தியையும் சமன் செய்யும் லோட் டெஸ்பாட்ச் மையத்திலிருந்து போன் வரும். இத்தனை மெகாவாட் இறக்க வேண்டும், உடனே. ஏன் என்று கேட்க நேரமிருக்காது, கேட்கத் தேவையும் இருக்காது. உற்பத்தியை மீறித் தேவை ஏறும்போது, 50 ஹெர்ட்ஸில் நிற்க வேண்டிய அதிர்வெண் 49.5-க்குக் கீழே போய்க்கொண்டிருப்பது பேனலிலேயே தெரியும். அந்த நேரத்தில் ஒதுக்கீட்டுக்கு மேல் இழுத்தால் மாநிலத்துக்கு அபராதக் கட்டணம். எல்லா மாநிலமும் இழுத்தால் மின்நிலையங்களையும் ஊர்களையும் இணைக்கும் வலைப்பின்னலான கிரிட்டே சாய்ந்துவிடும். 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வடக்கே கிரிட் சாய்ந்தபோது 60 கோடிப் பேருக்கு மேல் இருட்டில் இருந்தார்கள். தென் மாநிலங்கள் அந்தக் கிரிட்டோடு ஒரே அதிர்வெண்ணில் இணையாமல் தனியாக இருந்ததால் நாம் தப்பித்தோம். ஆனால் அதே காரணத்தால்தான் மற்ற மண்டலங்களில் மிச்சம் கிடந்த மின்சாரத்தை நினைத்த அளவுக்கு இங்கே கொண்டுவர முடியவில்லை. ராய்ச்சூர் - சோலாப்பூர் 765 கேவி லைன் 2013 டிசம்பர் 31 அன்று இணைந்த பிறகுதான் அந்தக் கதவு திறந்தது.

ஃபீடரை, அதாவது ஊர்ப்பகுதிக்குக் கரண்ட் போகும் லைனை, ஆஃப் செய்த அடுத்த நிமிடம் நிலையத்து போன் அடிக்கும். கல்யாண மண்டபம், தண்ணீர் ஏற்ற முடியாத குடியிருப்பு, மார்ச் மாதமானால் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் அம்மா. திட்டுபவர்கள் மேல் எனக்குக் கோபம் வந்ததே இல்லை. சென்னையில் இரண்டு மணி நேர வெட்டு என்றால் மாவட்டங்களில் பத்து, பன்னிரண்டு, சில நாள் பதினான்கு மணி நேரம். யாருக்குத்தான் பொறுக்கும்?

என்னை உறுத்தியது வேறு. வட சென்னை அனல்மின் நிலையத்தின் மூன்றாவது 210 மெகாவாட் அலகு 1996-இல் வந்தது. அதற்குப் பிறகு மேட்டூரில் 600 மெகாவாட் அலகு 2013-இல் வரும் வரை, மின்வாரியத்துக்குச் சொந்தமாகப் பெரிய நிலக்கரி அலகு ஒன்றுகூட சேரவில்லை. இடையில் வந்தவை பெரும்பாலும் சில எரிவாயு நிலையங்களும், நாப்தா, ஃபர்னஸ் ஆயில் போன்ற எண்ணெயில் ஓடும் தனியார் நிலையங்களும்தான். எண்ணெய் விலை ஏறினால் அவற்றை ஓட்டுவதே நஷ்டம். பதினேழு வருஷம்! அந்த வருஷங்களில் தொழிற்சாலை பெருகியது, ஏசி பெருகியது, ஐடி கட்டடங்கள் முளைத்தன. 2012-இல் பற்றாக்குறை சுமார் 4,000 மெகாவாட் என்றார்கள். நான் கைப்பிடியைத் திருப்பியது 2012-இல்தான். முடிவு 2000 வாக்கிலேயே, யாரும் எதையும் முடிவு செய்யாததால், எடுக்கப்பட்டுவிட்டது.

கோவை, வார்ப்படத் தொழில்

ஐயா எழுதியதைப் படித்ததும் அந்த நாட்கள் அப்படியே வந்து நிற்கின்றன. எங்கள் பக்கத்தையும் சொல்கிறேன்.

2008 நவம்பரில் எச்.டி. (உயர் அழுத்த) இணைப்புகளுக்கு 40 சதவீத வெட்டு வந்தது. பழைய பயன்பாட்டை வைத்து ஒரு அளவு போட்டு, அதில் 60 சதவீதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. மாலை 6 முதல் 10 வரை விளக்குக்கும் காவலுக்கும் போக ஏறக்குறைய எதுவும் ஓட்டக் கூடாது. இவை முழுதாக நீங்க 2015 ஆகிவிட்டது.

இண்டக்‌ஷன் உலை (மின்சாரத்தால் இரும்பை உருக்கும் உலை) வைத்திருப்பவனுக்கு அறிவித்த வெட்டு ஒரு கஷ்டம், அறிவிக்காத வெட்டு பேரிடர். உலையில் உருகிய இரும்பு 1,400 டிகிரிக்கு மேல் இருக்கும்போது கரண்ட் போனால், கொஞ்ச நேரத்துக்குள் திரும்ப வர வேண்டும். இல்லாவிட்டால் உலோகம் உள்ளேயே உறையத் தொடங்கும். வெளியே ஊற்றிவிட்டால் அந்த ஹீட் (ஒரு தடவை உருக்கியது) போச்சு. உறையவிட்டால் உலையின் உட்பூச்சான லைனிங்கை உடைத்து, சிலிக்கா மணலை மறுபடி அடித்து, சூடேற்றி இறுக்கி (சிண்டர் செய்து) எடுப்பதற்குள் ஒன்றிரண்டு நாள் உற்பத்தி போய்விடும். கூலிங் தண்ணீர் நின்றால் உலையைச் சூடாக்கும் செம்புச் சுருளான காயிலுக்கே ஆபத்து, அதனால் பம்புக்கு மட்டும் எப்போதும் ஒரு ஜென்செட் தயாராக நிற்கும். உலையையே டீசலில் ஓட்டுவது சின்னப் பட்டறைக்கு நினைத்துக்கூடப் பார்க்க முடியாத காரியம். டீசல் யூனிட் பன்னிரண்டு ரூபாய்க்கு மேல் அடக்கமானது. வாரியத்து யூனிட்டைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

எங்களிடம் வார்ப்பு வாங்கிய ஒரு பெரிய பம்ப் கம்பெனி, சரக்கு தாமதம் என்று ஆர்டரை குஜராத்தில் ராஜ்கோட் பக்கம் மாற்றிக்கொண்டது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கும் கொடுக்க வேண்டிய தேதி இருந்தது. போன ஆர்டரில் பாதி திரும்பி வரவே இல்லை. அச்சு போடுவதில் கை தேர்ந்த இரண்டு ஆட்கள் வேறு வேலைக்குப் போனார்கள். மின்வெட்டுக் கணக்கில் இதையெல்லாம் யாரும் சேர்ப்பதில்லை. மின் நிலையம் கட்ட ஆகும் செலவு பட்ஜெட்டில் தெரிகிறது. கட்டாததால் ஆகும் செலவு எங்களைப் போன்றவர்களின் நோட்டில் பிரிந்து பிரிந்து கிடக்கிறது.

மின் கட்டணத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், நண்பர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி. 2003-க்குப் பிறகு 2010 வரை கட்டணம் ஏறவில்லை. அப்போது எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கும்தான். அப்புறம் 2012-இல் ஒரேயடியாக 37 சதவீதம் ஏறியது. மறுபடி 2014-க்குப் பிறகு 2022 வரை அசையவில்லை, மறுபடி ஒரே தாவல். வருஷா வருஷம் கொஞ்சம் ஏறினால் விலைக்குள் வைத்துச் சமாளிப்பேன். எட்டு வருஷத்தை ஒரே மாதத்தில் தூக்கி வைத்தால் முதுகு ஒடிகிறது. கட்டணம் ஏறாத வருஷங்களில் நிலையம் கட்டப் பணம் இல்லாமல் போனது என்பதும் அதே கதையின் மறுபாதி.

திண்டுக்கல் பக்கம், விவசாயம்

எங்களுக்கு மீட்டர் இல்லை, பில் இல்லை. இலவச மின்சாரம் 1984-இல் சிறு விவசாயிகளுக்குத் தொடங்கியது, பிறகு எல்லோருக்கும் வந்தது. அதனால் கரண்ட் பற்றி விவசாயி பேசினால் "உனக்கென்ன, இலவசம்தானே" என்கிறார்கள்.

மோட்டார் ஓட்டும் மும்முனை மின்சாரம் ஒன்பது மணி நேரம் என்பது அப்போதைய கணக்கு. 2012 கோடையில் மூன்று, நான்கு மணி நேரம் வந்தால் பெரிது, அதுவும் எப்போது வரும் என்று தெரியாது. ராத்திரி ஒரு மணிக்கு வரும். டார்ச்சை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போக வேண்டும், வரப்பில் பாம்பு கிடக்கும். தண்ணீர் கடைமடைக்குப் போய்ச் சேருவதற்குள் கரண்ட் நின்றுவிடும். மறுநாள் முதலிலிருந்து. வாய்க்கால் குடித்த தண்ணீர் பயிர் குடித்ததை விட அதிகம். ஒரே நேரத்தில் எல்லா மோட்டாரும் ஓடுவதால் வோல்டேஜ் இறங்கும், காயில் புகையும். ரீவைண்டிங் கடையில் வரிசையில் நிற்போம். அந்தச் செலவு இலவசம் இல்லை.

என் கருத்து இதுதான். எங்களுக்குக் கொடுக்கும் கரண்டுக்கான பணத்தை அரசு வாரியத்துக்கு முழுதாக, உரிய நேரத்தில் கொடுக்கட்டும். எத்தனை யூனிட் போகிறது என்று டிரான்ஸ்பார்மரில் மீட்டர் வைத்து எண்ணட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. கணக்கே இல்லாமல் போனால், நட்டத்துக்கெல்லாம் விவசாயி தலையில் பழி விழுகிறது. ஒன்பது மணி நேரம் கேட்பவர்களை விட, பகலில் உறுதியாக ஆறு மணி நேரம் கேட்பவர்கள்தான் எங்கள் ஊரில் அதிகம்.

பல்லடம், நூற்பாலை, காற்றாலையும் உண்டு

விவசாயி அண்ணன் சொன்ன பகல் ஆறு மணி நேரம் இன்று சாத்தியம் என்றே நினைக்கிறேன், சூரிய மின்சாரம் பகலில்தானே பொங்குகிறது. அதற்கு முன் முதலீடு செய்தவன் பக்கத்துக் கதை.

மின்வெட்டும் கட்டணமும் தாங்காமல் காற்றாலை போட்ட மில்கள் எங்கள் பகுதியில் ஏராளம். முப்பந்தல், கயத்தாறு, உடுமலை, தேனி, கணவாய்க் காற்று அடிக்கும் இடமெல்லாம் மில்காரர்களின் காற்றாலை நிற்கும். இது ஊர்ப் பாசத்தில் நடந்தது இல்லை. முதல் வருஷமே 80 சதவீதம் தேய்மானம் காட்டி வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம் என்ற மத்திய அரசின் சலுகை இருந்தது. காற்று அடிக்கும் மே முதல் செப்டம்பர் வரை உற்பத்தியாகும் யூனிட்டை வாரியத்திடம் 'பேங்கிங்' போட்டு, மற்ற மாதங்களில் எடுத்துக்கொள்ளும் வசதி இருந்தது. அந்த இரண்டையும் நம்பித்தான் பேங்க் கடன் கொடுத்தது. 2012 ஏப்ரலில் தேய்மானச் சலுகையை நிறுத்தினார்கள். அந்த நிதியாண்டில் நாடு முழுவதும் புதிய காற்றாலைகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. 2014-இல் சலுகையைத் திரும்பக் கொடுத்தார்கள். வந்து போய் வந்த ஒரு விதியை வைத்து யார் இருபது வருஷக் கணக்குப் போடுவது?

எங்கள் கம்பெனி வாரியத்துக்கு விற்ற யூனிட்டுக்கான பணம் ஒரு வருஷத்துக்கு மேல் நிலுவையில் நின்றது. பேங்க் தவணை நிற்கவில்லை. மில் லாபத்திலிருந்து எடுத்துக் கட்டினோம். அந்த நேரத்தில் யாராவது வந்து இன்னும் நான்கு காற்றாலை போடுங்கள் என்றால் எப்படிப் போடுவோம்? முதலீட்டுக் கொள்கை என்று பக்கம் பக்கமாக எழுதுவதை விட, பில்லுக்கு மாதா மாதம் பணம் கொடுத்தாலே பாதி முதலீடு தானாக வரும். பாக்கி வைக்கும் வாரியங்கள் கட்ட வேண்டிய தாமதக் கட்டணத்துக்கு 2022-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதி எனக்குப் பிடித்திருக்கிறது. நிலுவை வைத்தால் சந்தையில் மின்சாரம் வாங்கும் வழி அடைபடும் என்று அதில் இருப்பதால்தான் பாக்கிகள் அசையத் தொடங்கின.

இன்னொரு கொடுமையும் உண்டு. ஊர் இருட்டில் இருந்த அதே வருஷங்களில், காற்று நன்றாக அடித்த நாட்களில், எங்கள் மெஷினை நிறுத்தச் சொல்லி உத்தரவு வரும். மின்சாரத்தை எடுத்துச் செல்ல லைன் போதவில்லை. கயத்தாறிலும் தேனிப் பக்கம் தப்பக்குண்டிலும் 400 கேவி நிலையங்கள் வந்த பிறகுதான் அது தணிந்தது.

ஓய்வுபெற்ற துணைமின் நிலைய ஆபரேட்டர்

மில்காரர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. ஒரு பக்கம் காற்றாலை ஃபீடரைக் குறைக்கச் சொல்லி போன், இன்னொரு பக்கம் ஊர் ஃபீடரை நிறுத்தச் சொல்லி போன், இரண்டும் ஒரே ஷிப்டில் வந்திருக்கின்றன. லைனும் டிரான்ஸ்பார்மரும் போடாமல் உற்பத்தியை மட்டும் எண்ணினால் இப்படித்தான் ஆகும்.

சென்னை, மின்சாரக் கொள்முதல் துறையில் வேலை

பழைய பற்றாக்குறை வேறு, இன்றைய நெருக்கடி வேறு. தமிழ்நாட்டின் உச்சத் தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அன்று ஊர் 2012 போல இருட்டில் கிடக்கவில்லை. சூரிய மின்சாரம் அதற்கு ஒரு பெரிய காரணம். கமுதியில் 648 மெகாவாட் சூரிய நிலையத்துக்கு யூனிட் 7 ரூபாய் 1 காசு என்று ஒப்பந்தம் போட்டபோது கடுமையாக விமர்சித்தார்கள். 2017-இல் இங்கேயே ஏலத்தில் 3 ரூபாய் 47 காசுக்கு வந்தது. ஏலம் விடாமல் விலை நிர்ணயித்ததால் ஏற்பட்ட வித்தியாசம் இதில் எவ்வளவு, சந்தை விலை இறங்கியது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமல் இரு பக்கமும் சண்டை போடுகிறார்கள். என்னைக் கேட்டால், ஏலம் தொடக்கத்திலேயே வந்திருக்க வேண்டும்.

எங்கள் தலைவலி இப்போது சாயங்காலம். ஆறு மணிக்கு மேல் சூரியன் இறங்கும், ஏசி ஏறும், காற்று இல்லாத மாதமாக இருந்தால் ஆயிரக்கணக்கான மெகாவாட்டை வேறெங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும். அந்த நேரத்தில் மின்சாரம் வாங்கி விற்கும் சந்தையான எக்ஸ்சேஞ்சில் யூனிட் 10 ரூபாய் உச்சவரம்பில் நிற்கும், சில நாள் கேட்ட அளவு கிடைப்பதும் இல்லை. பகலில் மலிவாகக் கிடைப்பதைச் சேர்த்து வைக்க நம்மிடம் வெகுகாலமாக இருந்தது காடம்பாறை நீரேற்று நிலையம் (தண்ணீரை மேலே ஏற்றி வைத்து, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுப்பது) மட்டும்தான், 400 மெகாவாட், எண்பதுகளின் கடைசியில் வந்தது. நீலகிரியில் குந்தா 500 மெகாவாட் நீரேற்றுத் திட்டம் பல வருஷம் இழுத்துக்கொண்டே போனது. உடன்குடி அனல்மின் நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் 1,600 மெகாவாட் கூட்டுத் திட்டம், 2012-இல் அது கைவிடப்பட்டு 1,320 மெகாவாட்டாக மாறியது, பிறகு டெண்டர் ரத்து, மறுபடி டெண்டர், 2017 கடைசியில்தான் ஒப்பந்தம். 2024-லும் ஓடவில்லை. அது ஓடாத ஒவ்வொரு கோடையிலும் அந்த மெகாவாட்டை எக்ஸ்சேஞ்சில் கூடுதல் விலைக்கு வாங்கினோம்.

கோவை அண்ணன் கேட்ட கணக்கை நான் இப்படிச் சேர்ப்பேன்: டெண்டரை ரத்து செய்யும் கோப்பில், அதனால் எத்தனை வருஷம் எத்தனை யூனிட்டை வெளியில் வாங்க வேண்டிவரும், என்ன விலைக்கு என்று ஒரு பக்கம் கட்டாயம் இருக்க வேண்டும். மின் கட்டணத்தை நிர்ணயிக்கும் ஒழுங்குமுறை ஆணையத்தின் முன் அந்தப் பக்கத்தை வைத்துப் பொதுமக்கள் கேள்வி கேட்க முடிய வேண்டும். கட்டண உயர்வுக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும்போது போய் உட்காருங்கள். அங்கே யார் வேண்டுமானாலும் பேசலாம், எழுத்தில் கொடுத்தால் பதில் தர வேண்டும். சிறு தொழில் சங்கங்கள் வருகின்றன, விவசாயச் சங்கங்கள் வருகின்றன. வீட்டு இணைப்புக்காரர்கள்தான் மிகக் குறைவு.