மூடிப்போன கேம் தளங்களில் சந்தித்த யாராவது இன்னும் மனதில் நிற்கிறார்களா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்

யாஹூ செஸ் ஆடியவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. ஜாவா பெட்டி திறக்கும்வரை காத்திருப்பது, பெயருக்குப் பக்கத்தில் ஆட்டத் தரத்தைக் காட்டும் நிறப்புள்ளி, டேபிள் நம்பர், எல்லாம் உங்களுக்கே தெரியும். வருஷம் 2007. எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் ஒரு பிரவுசிங் சென்டர், மணிக்கு 20 ரூபாய். சனிக்கிழமை தவறாமல் போவேன். நான் நீலம், அங்கே என்னோடு வழக்கமாக ஆடியவர் ஊதா, ஒரு படி மேல்.

மூன்றாவது வாரம்தான் எந்த ஊர் என்று கேட்டேன். சித்தூர் என்றார். ஆந்திரா சித்தூரா என்றால், இல்லை, பாலக்காட்டுச் சித்தூர். உலகம் முழுக்க ஆள் இருக்கிற இடத்தில் எனக்கு வாய்த்தவர் பஸ்ஸில் அரை மணி தூரத்தில் இருக்கிறார்! அவர் மலையாளத்தை ஆங்கில எழுத்தில் அடிப்பார், நான் தமிழை அடிப்பேன். ரிட்டயரான மாஷ், அதாவது வாத்தியார், என்பதற்கு மேல் எதுவும் தெரியாது.

ஒரு ஆட்டத்தில் ராணியைக் காவல் இல்லாமல் விட்டுவிட்டேன். மவுசிலிருந்து விரலை எடுத்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் கடிகாரம் ஓடுகிறது. ஒரு நிமிஷம் போச்சு, ரெண்டு நிமிஷம் போச்சு. அப்புறம் ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினார். கீழே ஒரே வரி: "குட்டீ, நோக்கிக் களிக்கணே." பார்த்து ஆடு, பிள்ளே என்று அர்த்தம். அந்த ஆட்டத்திலும் நான்தான் தோற்றேன், அது வேறு.

கொங்கன்படைக்கு வா என்று கூப்பிட்டார். கொங்குப் படையைச் சித்தூர்க்காரர்கள் விரட்டியதைக் கொண்டாடும் திருவிழா அது. நான் பேசுவதே கொங்குத் தமிழ். போனேன். வெடிச் சத்தத்துக்கு நடுவே கோயில் பக்கம் நின்றபோதுதான் உறைத்தது, அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது, ஐடி மட்டும்தான். போன் நம்பர் வாங்கத் தோன்றவே இல்லை. எப்படியும் சனிக்கிழமை வருகிறதே என்ற நினைப்பு. வெள்ளை வேட்டி கட்டிய ஒவ்வொரு பெரியவர் முகத்தையும் பார்த்துக்கொண்டே மூன்று மணி நேரம் நடந்தேன். அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. 2016-இல் யாஹூ கேம்ஸை மொத்தமாக மூடினார்கள்.

நகரி நைட்

அண்ணா, நான் அந்த இன்னொரு சித்தூர் ஜில்லாக்காரன்.

ஜி.டி.ஏ சான் ஆண்ட்ரியாஸ் கேமில் பைக்கில் ரயிலைத் துரத்தும் மிஷன். அதில் மாட்டாதவர் உண்டா? பி.எஸ்.என்.எல்-இல் ராத்திரி 2 மணியிலிருந்து காலை 8 வரை கணக்கில்லாமல் நெட் கிடைக்கிற பிளான். தெருவில் விசைத்தறி ஓடிக்கொண்டிருக்கும், வீட்டில் எல்லாரும் தூங்குவார்கள், நான் மட்டும் விழித்திருப்பேன். எத்தனையோ முறை தோற்றுவிட்டு, அந்தக் கால சமூகத் தளமான ஆர்குட்டில், ஒரு கம்யூனிட்டியில் அழாத குறையாக ஒரு கேள்வி போட்டேன். முக்கால் மணி நேரத்தில் பதில். பாதி தெலுங்கு, பாதி தமிழ். "ரயிலை ஒட்டிப் போகாதே தம்பி. வலது பக்கம் நல்லா தள்ளிப் போ. பின்னால் இருக்கிறவனுக்கு மேலே நிற்கிறவங்களைச் சுட இடம் கிடைக்கும்."

4 மணிக்கு மிஷன் முடிந்தது. கத்திவிட்டேன், அப்பா எழுந்து வந்துவிட்டார். காலையில் நன்றி எழுதிக்கொள்ளலாம் என்று படுத்தவன் எழுதவே இல்லை. 2014 செப்டம்பர் 30-இல் ஆர்குட் போச்சு. கம்யூனிட்டிகளைப் படிக்க மட்டும் கொஞ்ச காலம் வைத்திருந்தார்கள் இல்லையா, அதில் தேடிப் பிடித்தேன். என் கேள்வி இருக்கிறது, அவர் பதில் இருக்கிறது, அதற்குக் கீழே வெள்ளையாக இருக்கிறது. எழுதப் பெட்டி இல்லை. இப்போது அந்தப் பக்கமும் இல்லை.

குழித்துறைப் பாலம்

கொழிஞ்சாம்பாறை அண்ணா சொல்கிற 2016 சரியில்லை. பழைய ஜாவா ஆட்டங்களை 2014-லேயே எடுத்துவிட்டார்கள். 2016-இல் போனது மிச்சம் இருந்ததுதான்.

என் கதை சின்னது. மினிகிளிப் கேம் தளத்தில் நானும் தங்கச்சியும் ஒரே கீபோர்டில் ஆடுவோம், அவளுக்கு அம்புக்குறி, எனக்கு எழுத்துகள். இப்போது அவள் கத்தாரில் இருக்கிறாள்.

ஆனால் எல்லாம் போச்சு என்று உட்கார்ந்து வருத்தப்படுவதில் எனக்குச் சம்மதம் இல்லை. நாம் தேடுவது குறைவு. பழைய பிரவுசர் ஆட்டங்களை ஓட வைத்த பிளாஷ் மென்பொருளை நிறுத்தப்போவதாக அடோபி 2017 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. 2020 டிசம்பர் 31-ஓடு ஆதரவு முடிந்தது, 2021 ஜனவரி 12 முதல் பிளாஷ் ஆட்டம் எதுவும் ஓடாமல் தடுத்தார்கள். அதற்கு முன்பே, 2018-லேயே, பிளாஷ்பாயிண்ட் என்று சிலர் சேகரிக்க ஆரம்பித்து இன்றைக்கு லட்சத்துக்கு மேல் ஆட்டங்கள் வைத்திருக்கிறார்கள். இலவசம்தான். முழுத் தொகுப்பை இறக்காதீர்கள், ஹார்ட் டிஸ்க் தாங்காது. வேண்டிய ஆட்டத்தை மட்டும் இறக்குகிற பதிப்பு இருக்கிறது, அது போதும். இன்ஸ்டால் செய்யத் தெரியாதவர்கள் இன்டர்நெட் ஆர்க்கைவுக்குப் போங்கள். ரஃபில் என்ற மென்பொருளை வைத்து 2020 நவம்பரிலிருந்து பிரவுசரிலேயே ஓட விடுகிறார்கள். பிளாஷ் ஆட்டத்தின் எஸ்.டபிள்யூ.எஃப் பைல் பழைய சிடியில் கிடந்தால் அதையும் ரஃபிலிலேயே திறக்கலாம். ஆளாளுக்குச் சொந்தப் பக்கம் போட்டுவைத்த ஜியோசிட்டீஸ் தளத்தை 2009-இல் மூடியபோது ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர்கள் முடிந்தவரை அள்ளி வைத்தார்கள், பழைய ரசிகர் பக்கங்களை அங்கே தேடுங்கள். இப்போது நீங்கள் இருக்கிற குழுக்களிலும் நண்பர் பட்டியலை இன்றைக்கே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பேனாவால்.

வண்டன்மேடு

குழித்துறை அண்ணா, நான் தேடுவது பிளாஷ்பாயிண்டில் கிடைக்காது. ஏன் என்று சொல்கிறேன்.

கிளப் பெங்குவின், பிள்ளைகள் பெங்குவினாக உலாவிப் பேசுகிற ஆன்லைன் விளையாட்டு. எங்கள் எஸ்டேட்டில் ஜன்னல் ஓரம் மட்டும்தான் சிக்னல், அண்ணனின் டேட்டா கார்டு. நான் காசு கட்டாத பெங்குவின். பனிப்பாறை விஷயம் ஞாபகம் இருக்கும்: எல்லாரும் ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஆடினால் துளை போடும், பாறை சாய்ந்துவிடும் என்று சொல்வார்களே. அங்கே சாயங்காலம் 6 மணிக்கு ஒரு இளஞ்சிவப்புப் பெங்குவின் வரும். அதற்குச் சொந்தமாக எழுத முடியாது. சின்னப் பிள்ளைகளுக்கு என்று வைத்த முறையில், தயாராக இருக்கிற வரிகளை மட்டும் சொல்லும். ஹலோ, எப்படி இருக்கிறாய், வா போகலாம். இதை வைத்தே ரெண்டு வருஷம் பேசினோம். எந்த நாடு, எத்தனை வயசு, ஒன்றும் தெரியாது.

கடைசி நாள் 2017 மார்ச் 30. நம் நேரத்துக்கு மதியம் 12.31-க்கு மூடுகிறார்கள். அன்றைக்குத்தான் எஸ்.எஸ்.எல்.சி கணக்குத் தேர்வு மறுபடி, 1.45-க்கு. நான் தமிழ் மீடியம், கணக்கு எனக்குப் பயம். யூனிபார்மோடு 12 மணிக்கு லாகின் செய்தேன். இளஞ்சிவப்பு ஏற்கெனவே பாறையில் ஹெல்மெட்டோடு நின்றது. நானும் ஹெல்மெட் போட்டேன். ரெண்டு பேரும் துளைத்தோம். அது ஒரு இதயம் போட்டது.

12.10-க்கு ஜீப் வந்துவிட்டது. அம்மா ஹால் டிக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கிறாள். போகிறேன் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. என் பெங்குவினாவது கூட நிற்கட்டும் என்று லேப்டாப்பை மூடாமல் ஓடிவிட்டேன். ஜீப்பில் பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது, கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தால் வெளியே தள்ளிவிடும். அப்படியென்றால் சொல்லாமல் மறைந்துபோனது நான்.

சாயங்காலம் வந்து ஸ்கிரீனைப் பார்த்தால் தெரிந்திருக்கும். அசையாததற்கு ஒரு வாசகம் வரும், தளம் மூடியதற்கு வேறு வாசகம், விளையாடியதற்கு நன்றி என்று. ஆனால் கரண்ட் போய் பேட்டரி தீர்ந்திருந்தது. கருப்பு ஸ்கிரீன்.

குழித்துறைப் பாலம்

தங்கச்சி, நான் அப்படி அடித்துச் சொல்லியிருக்கக் கூடாது. ரசிகர்கள் நடத்துகிற கிளப் பெங்குவின் உண்டே, அங்கே தேடிப் பார்த்தாயா?

வண்டன்மேடு

ரீரிட்டன் என்று ரசிகர்கள் நடத்தியதில் இருந்தேன் அண்ணா. பனிப்பாறையிலேயே நிற்பேன். இளஞ்சிவப்பில் நூறு பேர் வந்தார்கள். 2022 ஏப்ரலில் அதையும் மூடிவிட்டார்கள்.

தத்தமங்கலம்

கொழிஞ்சாம்பாறை அண்ணா, சித்தூர் எனக்குப் பக்கத்து ஊர்தான். நான் டியூஷன் போன இடத்துக்கு எதிர்வீட்டில் ஒரு மாஷ் இருந்தார். திண்ணையில் எப்போதும் செஸ் போர்டு விரித்திருக்கும், பிள்ளைகள் தப்பாக நகர்த்தினால் வெட்டாமல் காத்திருப்பார். அவர்தான் என்று சொல்ல முடியாது. மகள் கொல்லங்கோட்டில் இருக்கிறார், நான் போய்க் கேட்கலாம். அந்த ஐடியில் நம்பர் ஏதாவது இருந்ததா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்

இருந்தது. 64 என்று முடியும். முழு ஐடியைத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்.