விண்டோஸ் 11-க்கு மாறியதும் ஆபீஸில் பாதிப் பேர் தடுமாறுகிறார்கள், எப்படிப் பழக்குவது?

பீன்யா_தம்பி:
வணக்கம். பெங்களூரு பீன்யாவில் மோட்டார் உதிரிபாகம் விற்கிற கம்பெனி, ஆபீஸில் 14 பேர். 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் முடிந்துவிட்டதால் எல்லா கம்ப்யூட்டரையும் 11-க்கு மாற்றும் வேலை என் தலையில் விழுந்தது. புரொஜெக்டர் போட்டு ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தேன், எல்லோரும் தலையாட்டினார்கள், மறுநாள் காலையிலிருந்து ஆளாளுக்குக் கூப்பிடுகிறார்கள். அதுகூடப் பரவாயில்லை. கணக்கு பார்க்கிற அக்கா ஒருவர், ரிட்டயர் ஆக இரண்டு வருஷம் இருக்கிறது, அவர் மட்டும் கூப்பிடவே இல்லை. பின்னால் நின்று பார்த்தேன். 11-இல் ஸ்டார்ட் பட்டன் நடுவுக்குப் போய்விட்டது, ஆனால் மவுஸ் பழக்கத்தில் இடது கீழ் மூலைக்குப் போகிறது, ஸ்டார்ட்டுக்குப் பதிலாக வானிலையும் செய்தியுமாக ஒரு பலகை திறக்கிறது, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு மூடுகிறார். இப்போது பாதிக் கணக்கை நோட்டில் எழுதி வைக்கிறார். மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

அல்சூர்வாசி:
முதலில் அந்த ஸ்டார்ட்டை இடது பக்கம் கொண்டுவந்து வையுங்கள். டாஸ்க்பாரில் (திரையின் அடியில் இருக்கிற பட்டை) ரைட் கிளிக், டாஸ்க்பார் செட்டிங்ஸ், கடைசியில் டாஸ்க்பார் பிஹேவியர்ஸ், அதில் அலைன்மென்ட்டை லெஃப்ட் ஆக்கினால் போதும். அதே பக்கத்தில் விட்ஜெட்ஸையும் ஆஃப் செய்யுங்கள், அந்த வானிலைத் தொல்லை போய்விடும். ஒவ்வொரு ஃபைலும் தனித்தனியாகப் பெயரோடு கீழே தெரிய வேண்டுமென்றால் கம்பைனை நெவர் என்று வைக்கலாம், 11 வந்தபோது இதை எடுத்துவிட்டு 2023-இல்தான் திருப்பிக் கொடுத்தார்கள். ரைட் கிளிக்கில் பழைய மெனு காணோம் என்பார்கள், ஷிஃப்ட் + எஃப்10 அழுத்தினால் வரும்.

அப்புறம் பிரிண்டர். பில் அடிக்க டாட் மேட்ரிக்ஸும் லெட்டருக்கு லேசரும் இருக்கிற ஆபீஸில் பில் தவறான மெஷினுக்குப் போய்க்கொண்டே இருக்கும், ஏனென்றால் கடைசியாக எதில் அடித்தோமோ அதையே டீஃபால்ட் ஆக்கிக்கொள்ளும் ஒரு செட்டிங் இருக்கிறது. பிரிண்டர்ஸ் பக்கத்தில் அதை ஆஃப் செய்யுங்கள்.

கணக்குப்பிள்ளை:
செட்டிங்கெல்லாம் சரி, ஆனால் அந்த அக்காவுக்கு இன்னொரு வகுப்பு எடுத்துவிடாதீர்கள். எங்கள் ஆபீஸில் நானும் அதே நிலையில் இருந்தவள் என்பதால் சொல்கிறேன், நாலு பேர் முன்னால் தெரியவில்லை என்று சொல்ல வாய் வராது. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருங்கள், மவுஸை மட்டும் வாங்காதீர்கள். முதலில் கணக்கு எழுதுகிற டேலி சாஃப்ட்வேரைத் திறக்கச் சொல்லுங்கள், எஃப்8-க்கு சேல்ஸ், எஃப்5-க்கு பேமென்ட், எல்லாம் அப்படியே இருப்பதைப் பார்த்தாலே பாதி பயம் போய்விடும். அவர் தினமும் செய்கிற ஐந்தாறு வேலையை அவரையே எழுதச் சொல்லி மானிட்டர் பக்கத்தில் ஒட்டுங்கள், தமிழோ கன்னடமோ, அவர் கையெழுத்தில்.

பீன்யா_தம்பி:
இரண்டு பேருக்கும் நன்றி. இன்று மதியம் அக்கா பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்தேன், ஸ்டார்ட்டை இடத்துக்குக் கொண்டுவந்ததும் "இதை முதல் நாளே செய்திருக்கலாமே தம்பி" என்றார். சரிதானே, எனக்குத் தோன்றவில்லை. இன்னொன்று: டிஸ்பேட்ச் பையனுடைய டெஸ்க்டாப்பில் இருந்த எக்ஸெல் எல்லாம் காணோம், பயந்துபோய் இருக்கிறான்.

அல்சூர்வாசி:
அழிந்திருக்காது. மைக்ரோசாஃப்ட்டின் ஆன்லைன் சேமிப்பான ஒன்டிரைவின் பேக்கப் ஆன் ஆகி ஃபைல்கள் அதன் ஃபோல்டருக்குப் போயிருக்கும், யாரோ பிறகு ஆஃப் செய்திருப்பார்கள். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் இன்னொரு டெஸ்க்டாப் இருக்கும், அதில் பாருங்கள். கிடைத்ததும் பழைய இடத்துக்கு மாற்றிவிட்டு மற்ற 13 கம்ப்யூட்டரிலும் இந்த பேக்கப் ஆன் ஆகியிருக்கிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள், இலவசக் கணக்கில் 5 ஜிபிதான், நிரம்பினால் சிங்க் (ஃபைல்கள் ஆன்லைனுக்குப் போவது) நின்றுபோகும்.