கொஹிமாவில் ஒரு டென்னிஸ் களமும் அரை வாளித் தண்ணீரும்

கடந்த அக்டோபரில் திமாப்பூரிலிருந்து மலைச்சாலை வழியாக நாகாலாந்தின் தலைநகரான கொஹிமா சென்றபோது, அங்குள்ள இரண்டாம் உலகப் போர்க் கல்லறைத் தோட்டத்தை ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம் என்றே எண்ணியிருந்தேன். அடுக்கடுக்காக ஏறும் அந்தக் குன்றிலேயே பகல் முழுவதும் கழிந்தது.

துணை ஆணையரின் பங்களா இருந்த இடத்தில், பழைய டென்னிஸ் களத்தின் கோடுகளைச் சிமெண்டில் பதித்துக் காத்து வருகிறார்கள். 1944 ஏப்ரலில் ஜப்பானின் 31ஆவது டிவிஷன் ஊரை முற்றுகையிட்டபோது, களத்தின் ஒரு பக்கம் அவர்களும் மறுபக்கம் ஊரைக் காத்து நின்ற பிரிட்டிஷ் இந்தியப் படையினரும் பதுங்குகுழிகளில் இருந்தபடி கையெறி குண்டுகளை வீசிக்கொண்டார்கள். நீளவாக்கில் நடந்து பார்த்தேன். முப்பத்துச் சொச்சம் எட்டுகளில் முடிந்துவிட்டது. அதன் பிறகு வெகுநேரம் எனக்குப் பேச்சே எழவில்லை.

முற்றுகையின் தொடக்கத்திலேயே குடிநீர் வரும் வழி எதிரியின் கைக்குப் போய்விட்டதால், இருட்டில் மட்டுமே நெருங்க முடிந்த ஒரு சிறு ஊற்றையும், விமானங்கள் பாராசூட்டில் இறக்கிய தண்ணீரையும் நம்பியே, காயம்பட்டவர்கள் உட்பட அத்தனை பேரும் ஏறத்தாழ இரண்டு வாரம் தாக்குப்பிடித்தார்கள். இறக்கியதிலும் ஒரு பகுதி எதிரியின் பக்கமே விழுந்தது.

தோட்டத்தில் 1,420 கல்லறைகள் உள்ளன. உச்சியிலுள்ள நினைவிடத்தில், தகனம் செய்யப்பட்ட 917 இந்து, சீக்கிய வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அங்கே நின்று ஒவ்வொரு பெயராக வாசித்தேன்.

நான் தங்கிய வீட்டு அம்மாள் அங்காமி நாகா இனத்தவர். குண்டுவீச்சில் ஊர் எரிந்தபோது தம் பாட்டி கைக்குழந்தையுடன் காட்டுக்குள் ஓடியதையும், திரும்பி வந்தபோது வீடு இருந்த இடமே தெரியாமல் போனதையும் அவர் அமைதியாகச் சொன்னார். வழிகாட்டியும் சுமை தூக்கியும் காயம்பட்டோரைக் கீழே இறக்கியும் உதவிய இம்மக்களின் இழப்பை, போரைப் பற்றிப் பேசுவோர் ஓரிரு வரிகளில் கடந்துவிடுவது எனக்கு ஆறாத மனக்குறை. தோட்டத்தின் கீழ்ப்பகுதியில், நம் நடுகல்லை நினைவூட்டும் ஒரு நெடுங்கல் நிற்கிறது. அதுவும் நாகா மக்கள் இழுத்து வந்து கொடுத்ததுதான்.

கொஹிமாவில் இன்றும் தண்ணீர்த் தட்டுப்பாடு உண்டு. தகரக் கூரையிலிருந்து பீப்பாயில் பிடித்து வைத்திருந்த மழைநீரை மறுநாள் காலை வீட்டு அம்மாள் எனக்கு அரை வாளி மொண்டு கொடுத்தார். அதில் ஒரு சொட்டும் சிந்தாமல் குளித்தேன்.